தோற்ற வைரஸ், ஜெயித்த சொட்டு

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் மருந்துக்கான போட்டியில் பெங்களூரும் இருந்தது. மருந்து இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைக்க இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

பெங்களூர் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் உள்ள அரசு சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாளன்று காட்சி மாறுவதே இல்லை. பெஞ்சில் வரிசையாகத் தாய்மார்கள், மடியில் குழந்தைகள், கையில் கசங்கிய 'தாயி கார்ட்'. தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம் எல்லாம் கலந்து ஒலிக்கிறது. ஆறு வாரக் குழந்தைக்கு அன்றைக்கு மூன்று ஊசிகள், இரண்டு விதமான சொட்டு மருந்துகள். ஊசியைப் பற்றித்தான் அத்தனை கேள்விகளும். "ஜ்வர பர்த்தா சிஸ்டர்?" என்று தமிழ்த் தாய்கூடக் கன்னடத்தில் கேட்டுவிடுகிறார். சொட்டு மருந்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒன்று போலியோவுக்கு, அது ஊரறிந்த விஷயம். மற்றது எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் அதுவும் போலியோவுக்குத்தான் என்பார்கள்.

அது ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து. அதன் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் அந்த பெஞ்சிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், உள்ளூர்க்காரர்கள் இன்னமும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் எழுதப்பட்டது.

ரோட்டா என்றால் லத்தீனில் சக்கரம். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் வண்டிச் சக்கரம் போலவே இருக்கும் இந்த வைரஸை 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பின் குழு கண்டறிந்தது. அதுவரை குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பங்குக்குக் காரணம் தெரியாமலே டாக்டர்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுக்குள் உலகின் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இந்த வைரஸ் ஒரு தடவையாவது தொட்டுவிடுகிறது. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதம் அதற்குக் கிடையாது. பேதம் அதற்குப் பிறகுதான் வருகிறது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 55,000 முதல் 70,000 குழந்தைகள் வரை இதனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இறந்ததாக 2014இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது.

இந்தக் கணக்கில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. குழாயில் சுத்தமான தண்ணீர் வரும் நாட்டிலும் ரோட்டா வருகிறது என்றால், சுத்தம் மட்டும் அதைத் தடுக்காது. காலராவும் டைபாய்டும் நல்ல குடிநீர் வந்தால் பின்வாங்கும். ரோட்டா அப்படி அல்ல. பொம்மையில், கதவுக் கைப்பிடியில், துடைத்த துணியில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். மற்றொரு குழந்தையைப் படுக்க வைக்க மிகச் சிலவே போதும். ஆகவே தடுப்பு மருந்து தேவைப்பட்டது.

1980களில் இரண்டு நகரங்களில் ஏறக்குறைய ஒரே புதிர் தலைகாட்டியது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் எம்.கே. பான், பெங்களூரில் அறிவியல் கழகத்தின் நுண்ணுயிரியல் விஞ்ஞானி சி. துர்கா ராவ். பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் குழந்தைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பேதி இல்லை, வாந்தி இல்லை, ஜுரமும் இல்லை.

டெல்லிக் குழு இன்னொரு விஷயத்தையும் கவனித்தது. பிறந்தவுடன் இப்படிச் சத்தமின்றித் தொற்றுக்கு ஆளான குழந்தைகளை, பின்னாளில் ரோட்டா பேதி அவ்வளவாகத் தாக்கவில்லை. 1993இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இயற்கையே ஒரு தடுப்பு மருந்தைத் தயாரித்து, பிரசவ வார்டில் இலவசமாக விநியோகித்துக்கொண்டிருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம்.

டெல்லி வைரஸுக்கு 116-ஈ என்றும் பெங்களூர் வைரஸுக்கு ஐ-321 என்றும் பெயர். இரண்டுக்கும் மாட்டோடு உறவு உண்டு. ரோட்டா வைரஸுக்கு 11 மரபணுத் துண்டுகள். டெல்லி வைரஸ் அடிப்படையில் மனித வைரஸ். ஒரே ஒரு துண்டுதான் மாட்டு வைரஸிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பெங்களூர் வைரஸ் இதற்கு நேர் எதிர். அதில் பெரும்பாலான துண்டுகள் மாட்டுடையவை. இரண்டே இரண்டுதான் மனித வைரஸுடையவை. பெங்களூர் வீதிகளில் மாடுகள் மனிதர்களுக்குச் சமமாக நடமாடிய காலத்தை நினைத்தால் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. 1796இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் மாட்டு அம்மையைக் கொண்டு மனித அம்மையைத் தடுத்த கதையும் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டு வைரஸ்களும் இந்திய - அமெரிக்கத் தடுப்பு மருந்துக் கூட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனைக்குப் போயின. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றது. டெல்லியில் எட்டு வாரக் குழந்தைகளுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் தீங்கு செய்யவில்லை. ஆனால் 116-ஈ கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில் எதிர்ப்புச் சக்தி வெகுவாக எழும்பியது. ஐ-321 கொடுக்கப்பட்டவர்களிடம் அந்த அளவுக்கு எழும்பவில்லை. பெங்களூர் வைரஸ் போட்டியிலிருந்து விலகியது.

இதைத் தோல்வி என்று சொல்வது சுலபம். ஆனால் வேலூரில் நடந்ததைப் பார்த்தால், விலக்கியது எவ்வளவு சரியான முடிவு என்று புரியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சிசுப் பிரிவில் பெங்களூர் வைரஸின் நெருங்கிய உறவினன் ஒன்று உலவியது. ககன்தீப் காங் தலைமையிலான குழு அதைப் பின்தொடர்ந்தது. அங்கே அது சாதுவாக இல்லை. சில சிசுக்களுக்கு நோயும் கொடுத்தது. பின்னாளைய தொற்றிலிருந்து குழந்தைகளைக் காக்கவும் இல்லை. ஒரே ஜாதி வைரஸ், இருநூறு கிலோமீட்டர் தூரத்தில் வேறு குணம். ஆய்வுக்கூடத்தில் தகுதியாகத் தெரிந்ததை ஊர் முழுக்கக் கொடுக்கும் முன் ஏன் இத்தனை ஆண்டு சோதனை என்று பொறுமையிழப்பவர்களுக்கு இது ஒரு பதில்.

இன்னொரு பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1998இல் சந்தைக்கு வந்த 'ரோட்டாஷீல்டு' என்ற மருந்து அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு அது குடல் செருகலை உண்டாக்கியது. அதாவது குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் டெலஸ்கோப் போல நுழைந்துகொள்ளும். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ரோட்டாவால் சில பத்துக் குழந்தைகளே இறந்த நாட்டுக்கு அந்த ஆபத்து அதிகம். பல்லாயிரம் பேர் இறந்த நாட்டுக்கு? அந்தக் கேள்வியை அப்போது பலரும் கேட்டார்கள். ஆனால் அமெரிக்கா தன் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை இந்தியத் தாய்க்குக் கொடு என்று சொல்ல எந்த அரசும் துணியாது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரோட்டா மருந்தும் குடல் செருகல் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டியிருந்தது. இந்திய மருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு பல மாநில ஆஸ்பத்திரிகளில் நடந்த கண்காணிப்பின் முடிவு 2020இல் வெளியானது. மருந்துக்கும் குடல் செருகலுக்கும் தொடர்பு தென்படவில்லை.

கடைசிக் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. 2014இல் முடிவு வந்தது. கடுமையான ரோட்டா பேதியில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 55 சதவீதத்தை, மருந்து தடுத்தது. 2015 மார்ச்சில் 'ரோட்டாவேக்' என்ற பெயரில் பிரதமர் மோடி அதை அறிமுகம் செய்தார். 2016இல் ஆந்திரம், ஒடிஷா, ஹரியாணா, இமாசலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. தமிழகம் 2017இல் தொடங்கியது. 2019இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த 'ரோட்டாசீல்' என்ற இன்னொரு மருந்தும் இந்தத் திட்டத்தில் பயன்படுகிறது. வெளிநாட்டு மருந்துகள் தனியார் கிளினிக்கில் ஒரு தவணைக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டிய காலத்தில், அரசுக்கு ஒரு டாலருக்குத் தருவதாக பாரத் பயோடெக் வாக்குக் கொடுத்திருந்தது. அல்சூர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது முற்றிலும் இலவசம். பான் 2020 ஜனவரியில் காலமானார்.

'55 சதவீதம்தானா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இதே வகை மருந்துகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 85 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கின்றன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெளிநாட்டு மருந்துகளும் இப்படித்தான் பாதியளவுக்கு இறங்கிவிடுகின்றன. மருந்தில் குறையில்லை, குடலில் இருக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள், ஓயாத மற்றத் தொற்றுகள், ஊட்டக் குறைவு என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்படுகின்றன. வேலூரில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று ஆண்டு பின்தொடர்ந்தபோது இன்னொரு கசப்பான உண்மை வெளிவந்தது. மெக்சிகோவில் இரண்டு முறை இயற்கையாக ரோட்டா வந்துபோன குழந்தைக்குக் கடுமையான நோய் திரும்ப வருவதில்லை. வேலூர்க் குழந்தைக்கு மூன்று முறை வந்த பிறகும் முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வைரஸிடமிருந்து பாதியைப் பிடுங்குவது சின்ன விஷயமல்ல. நோய் அதிகம் உள்ள ஊரில் பாதியைத் தடுப்பது, நோய் குறைந்த ஊரில் முழுவதையும் தடுப்பதைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

இந்த மருந்தோடு ஒரு வதந்தியும் சேர்ந்து நடக்கிறது. சொட்டு கொடுப்பதற்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் தரக்கூடாது என்பது அது. தேவையே இல்லை. டெல்லியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். தாய்ப்பாலை நிறுத்தி வைத்ததால் மருந்தின் வேலை கூடவில்லை. அழும் குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட பெண் கிருஷ்ணகிரிக்கோ தர்மபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்க் குழந்தை பெறுகிறார். ஆறாவது வாரத் தவணை அங்கே, பத்தாவது வாரம் ஏதோ கல்யாணத்தில் தவறுகிறது, பதினான்காவது வாரத்துக்குள் கணவர் வீடு. கையில் தமிழ்நாட்டு அட்டை; இங்கே கேட்பதோ தாயி கார்ட். "ஊரிலேயே எல்லாம் போட்டாச்சு" என்று மாமியார் சொல்லிவிடுவார். முதல் தவணையை ஒரு வயதுக்குள் கொடுத்துவிட்டால் மீதியைப் பின்னால் கொடுத்து முடிக்கலாம். ஒரு வயது தாண்டிவிட்டால் அரசுத் திட்டத்தில் தொடங்குவதில்லை. ஆகவே எந்த மாநிலத்து அட்டையாக இருந்தாலும் அதைத் தொலைக்காமல் எடுத்துப் போய்க் காட்டுவது முக்கியம். மொழி தெரியாத நர்சுக்கும் தேதி புரியும்.

மருந்து தடுக்காத மீதிப் பாதிக்கு என்ன வழி? ரோட்டா மட்டுமா, இன்னும் எத்தனையோ கிருமிகள் குழந்தையின் வயிற்றைக் குறி வைத்திருக்கின்றன. இங்கே வீடு வருகிறது, வீட்டின் தண்ணீர் வருகிறது.

பெங்களூர் காவிரித் தண்ணீர் சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டாரில் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி நகரம் லாரித் தண்ணீருக்கு அலைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் எந்தக் கட்டமானாலும் பல தெருக்களில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். அது சம்ப்புக்குப் போகும். சம்ப்பிலிருந்து டிரம், டிரம்மிலிருந்து குடம், குடத்திலிருந்து டம்ளர். காசு போட்டுப் பிடித்த ஆர்.ஓ. தண்ணீரும் இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில்தான் கெடுகிறது: டம்ளரைப் பிடித்த விரல்கள் குடத்துக்குள் போகும்போது. நீளப் பிடி வைத்த கரண்டியோ, அடியில் குழாய் வைத்த பாத்திரமோ சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சோப்பு அதைவிட மலிவு. குழந்தையைக் கழுவிவிட்ட பிறகும் சோறு ஊட்டும் முன்னும் சோப்பால் கை கழுவினால், வயிற்றுப்போக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டியதில்லை, வெயில் காலத்திலும்தான். இதை ஒப்புக்கொள்ள நம் பாட்டிமார்களுக்குக் கஷ்டம். வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் என்று கல்லில் உரைத்து ஊற்றினால்தான் மாந்தம் போகும் என்பது அவர்கள் கட்சி. உரைக்கும் கல் எப்போது கழுவியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பால் புட்டி இன்னும் மோசம். அந்த ரப்பர்க் காம்பைப் போலக் கிருமிக்குச் சொகுசான வீடு வேறில்லை. ஆனால் பாட்டிகள் எல்லாவற்றிலும் தவறு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பேதியானால் உப்புப் போட்ட நொய்க் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்களே, அதன் பின்னால் இருக்கும் தத்துவத்தைத்தான் விஞ்ஞானம் பின்னர் கண்டுபிடித்தது. பேதியிலும் குடல் சர்க்கரையை உறிஞ்சும். சர்க்கரை போகும் வாசலில் உப்பும் கூடவே நுழையும். உப்பைத் தொடர்ந்து தண்ணீர் போகும். அரிசி மாவு குடலில் சர்க்கரையாகத்தான் உடைகிறது. பாட்டியின் பிழை ஒன்றே: பேதி நிற்கும்வரை தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தச் சொன்னது.

அந்த வாசலை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் கொல்கத்தாவின் டாக்டர் திலீப் மகலனாபிஸ். 1971இல் வங்கதேசப் போரின்போது பான்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோனது. உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, உறவினர்களே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கட்டும் என்று விட்டார். 30 சதவீதம் வரை போயிருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் காலமானபோது பலருக்கு அவர் பெயரே தெரியாது. அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

அரை நூற்றாண்டு கடந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பேதியான இந்தியக் குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 60.6 சதவீதம்தான். கூடவே தர வேண்டிய துத்தநாக மாத்திரை கிடைத்தது 30.5 சதவீதத்துக்கு. அதற்குப் பதிலாகக் கிளினிக்கில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆன்டிபயாடிக். வைரஸை அது ஒன்றும் செய்யாது. பெரியவர்கள் போட்டுக்கொள்ளும், பேதியைச் சட்டென்று நிறுத்தும் மாத்திரையோ சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

மருந்துக் கடையில் இன்னொரு வலையும் விரிக்கப்பட்டிருந்தது. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கிய இனிப்புப் பானங்கள் வண்ண டப்பாக்களில் விற்றன. அவற்றில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைவிடப் பல மடங்கு சர்க்கரை. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவிட்டது. டப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் பத்திரம்.

சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பெரிய பொட்டலம் 20.5 கிராம். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதா உப்பு; மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். அது ஒரு லிட்டர் தண்ணீருக்கு, முழுதாக. டம்ளருக்குக் கொஞ்சம் என்று உத்தேசமாகப் போட்டால் ஒரு சமயம் உப்புக் கரிக்கும், ஒரு சமயம் பயனற்றுப் போகும். கரிக்கும் கரைசல் பச்சைக் குழந்தைக்கு விஷயம் முற்றச் செய்யும். வீட்டில் லிட்டர் அளவு இல்லையென்றால் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் உத்தமம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

ஒரே மூச்சில் குடிக்கக் கொடுத்தால் வாந்தி வரும். "குடிச்சதெல்லாம் வெளியே வந்துடுச்சு" என்று பல தாய்மார்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூனால் மறுபடி தொடங்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். கூடவே தாய்ப்பால், வழக்கமான சாப்பாடு. துத்தநாகம் ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றதும் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்களுக்கான பாதுகாப்பு அந்த மீதி நாள்களில் இருக்கிறது.

கண் குழி விழுந்து, அழும்போது கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிந்து, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டு, ஸ்பூனைக்கூட வாங்க மறுத்தால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. மலத்தில் ரத்தம் வந்தாலும் அப்படியே. பெங்களூரில் இரவு எந்நேரமும் கதவு திறந்திருக்கும் அரசு இடங்கள் உண்டு: கோட்டைப் பக்கம் வாணி விலாஸ், நிம்ஹான்ஸ் அருகே இந்திரா காந்தி குழந்தைகள் நலக் கழகம். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஸ்பூன் நிற்கக் கூடாது.